கையில் ஏதாவது இருக்கட்டும்

நல்ல செல் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் செத்துவிடும். இது எங்கள் ஆய்வகத்தின் எழுதாத சட்டம். நான் போட்டதில்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் நானும் மீறியதில்லை. அதனால்தான் என் மாணவி ஃபௌசியா திரையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல மேம், உக்காருங்க" என்று மட்டும் சொல்லி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். உட்கார்ந்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு நரம்புச் செல், முக்கோணமாக, மேல்முனை மட்டும் முள்ளங்கி வால்போல நீண்டிருக்கிறது, ஓரம் பளிச்சென்று, உப்பாமல், சுருங்காமல். பரவாயில்லாத செல். இன்று காலை வரை இது தேன்மொழியின் தலைக்குள் இருந்தது, இடது காதுக்குச் சற்று மேலே. தேன்மொழி என் தங்கை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் நாங்கள். வலிப்பு மருந்துக்கு அடங்காதவர்களுக்கு அங்கே மூளையில் ஒரு துண்டை எடுப்பார்கள்; பாதி அவர்களுடைய பரிசோதனைக்குப் போகும், மீதி சில்லென்ற உப்புநீரில், ஆக்ஸிஜன் குமிழ் விட்டபடி எங்களிடம் வரும். பேர் வராது, எண்தான் வரும். யாருடையது என்று நாங்கள் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. இன்றைக்கு ஒரே ஒரு ஆபரேஷன்தான் என்றால் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா? என் தங்கையின் துண்டிலிருந்து வருவது எதுவும் எங்கள் ஆராய்ச்சியில் சேராது என்று நானே ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்குச் சொல்லிவிட்டேன். கட்டுரையில் வராது, கணக்கில் வராது. அப்படியென்றால் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஃபௌசியா கேட்கவில்லை. அவள் கேட்காதது நல்லது, ஏனென்றால் என்னிடம் இரண்டு மூன்று பதில் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

தேன்மொழி சொன்னாள், அதனால் என்பது ஒரு பதில். நேற்று சாயங்காலம் தலையை மழித்துவிட்டுப் போனபிறகு கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டாள். "எங்க அங்கன்வாடிப் பிள்ளைக பாத்தா மொட்டை டீச்சர்னு கூப்பிடும்" என்றாள். சிரித்தாள். பிறகு, சிரிப்பு முடிவதற்குள், "எடுக்குறதத் தூக்கிப் போட்ருவாங்களாக்கா?" என்றாள். பாதி டெஸ்ட்டுக்குப் போகும் என்றேன். "மீதி உன் ஆபீஸுக்கா?" ஆய்வகத்தை அவள் எப்போதும் ஆபீஸ் என்றுதான் சொல்வாள், நான் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் இடம் வேறு என்னவாக இருக்க முடியும். வரலாம் என்றேன். "அப்ப நீயே பாரு. தெரியாத ஆளு யாரும் என் மண்டைக்குள்ள பாக்க வேண்டாம்." அப்படியெல்லாம் பார்க்கக் கூடாதுடி, ரூல் இருக்கிறது என்றேன். "நீதான அங்க ரூல் போடுற ஆளு?" என்றாள். அப்புறம் தலையணைக்கு அடியில் கையை விட்டு அம்மாவின் அந்தப் பழைய சாவியை எடுத்தாள். "உள்ள இரும்பு எதுவும் கொண்டுபோகக் கூடாதாம், நர்ஸ் சொல்லிட்டா. நீ வச்சிரு. தொலைச்சிறாத. எனக்குத் திருப்பி வேணும்." அது இப்போது என் கோட்டுப் பையில், தொடையில் கனக்கிறது. அவளுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, நன்றாகத்தான் முடிந்தது என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார், ஐசியூவில் கிடக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை. உள்ளே ஒருவர்தான் இருக்கலாம், அவள் புருஷன் முத்துமாணிக்கம் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை. பயம் பேச்சுக்கு. அந்த இடம் சொற்களுக்குப் பக்கத்து இடம். பொருளின் பெயர், ஆளின் பெயர். ஊரில் ஒரு கூட்டம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூக்கைத் துடைத்து, முட்டை ஊட்டி விடுகிற வேலை அவளுக்கு. கண் திறந்து, வாய் திறந்து, ஒன்றுமே வராவிட்டால்? நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த நாற்காலியில் என்ன செய்வது என்று தெரியும்.

கண்ணாடிக் குழாயை இறக்குகிறேன். முடியைவிட மெல்லிய நுனி, அதற்குள் உப்புநீர், உப்புநீருக்குள் வெள்ளிக் கம்பி. குழாயின் மறுமுனையிலிருந்து ஒரு ரப்பர் ட்யூப் என் வாய்க்கு வருகிறது. ஆம், வாய்தான். இத்தனை லட்ச ரூபாய்க் கருவிக்கு நடுவில் கடைசி வேலையை வாயால்தான் செய்ய வேண்டும், இளநீரில் ஸ்ட்ரா போட்ட மாதிரி, ஆனால் இளநீர் வராத அளவுக்கு மெதுவாக. நுனி செல்லைத் தொட்டதும் அதன் தோல் சற்றே குழிகிறது, அப்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இழுத்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவுக்கு. இழுக்கிறேன். இது தேன்மொழி. இது தேன்மொழி இல்லை, இது ஒரு செல். சின்ன வயதில் அவளுக்குச் சளி பிடித்தால் அம்மா அவள் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சி எடுப்பாள், எனக்குக் குமட்டும், இப்போது நான். திரையில் கோடு கீழிறங்கித் தட்டையாகிறது, ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்னும் ஒரு மூச்சு, சட்டென்று, இதற்கு மேல் என்றால் கிழிந்துவிடும், இதற்குக் கீழே என்றால் திறக்காது. திறந்துவிட்டது. உள்ளே போய்விட்டேன். ஃபௌசியா பின்னால் மூச்சு விடுவது கேட்கிறது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, சட்டம் தெரிந்தவள்.

தமிழில் அயனி வாய்க்கால் என்று சொல்லலாம், நான் தேன்மொழிக்குக் கதவு என்று சொல்லி வைத்திருந்தேன். செல்லின் சுவரில் கதவு கதவாக இருக்கிறது. ஒரு கதவு சோடியத்தை மட்டும் உள்ளே விடும், இன்னொன்று பொட்டாசியத்தை மட்டும் வெளியே விடும். சோடியம் உள்ளே பாய்ந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், கண்ணிமைப்பதெல்லாம் அதற்கு ஒரு யுகம், அவ்வளவு சீக்கிரம். சாத்தாவிட்டால்? "உனக்கு வர்றது வரும்" என்றேன். "அப்ப எனக்குத் தாப்பாள் சரியில்லன்னு சொல்லு" என்றாள். சரியில்லாத அந்தத் தாழ்ப்பாளைத்தான் என் வாழ்நாள் முழுக்கப் படித்தேன். ஒரே ஒரு கதவு, அதிலும் ஒரே ஒரு பழுது, லேசாகத் தாமதித்துச் சாத்திக்கொள்ளும் பழுது. அதற்குப் பட்டம், அதற்குப் பரிசு, அதற்கு வெளிநாடு. மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் தங்கையின் நோய்தான் இவரை இந்தத் துறைக்கு அழைத்து வந்தது என்று உருக்கமாகச் சொல்வார்கள், யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு. நான் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. உண்மையில் நான் சேர்ந்த வருஷம் நத்தை நரம்பு படித்துக்கொண்டிருந்த பேராசிரியரிடம் மட்டும்தான் இடம் காலியாக இருந்தது. சரி, அது மட்டும்தான் உண்மையா? தெரியவில்லை. நத்தையின் நரம்பில் முதல் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்ட அன்றைக்கு நான் யாரை நினைத்தேன்? யாரையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. வெளியே வந்து ஊருக்கு எஸ்டிடி போட்டு அவளிடம்தான் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அவளுடைய ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தோம். நான் படித்த கதவில் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய தாழ்ப்பாள் எல்லாம் சரி. வலிப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது, சின்ன வயதுக் காய்ச்சலின் தழும்பு என்றார்கள். அடுத்த தெருவில் தீப்பிடித்திருக்க நான் ஆயுள் முழுக்க இந்தத் தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளிடம் சொன்னபோது, "அதனால என்னக்கா, வேற யாருக்காச்சும் ஆகும்ல" என்றாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது கரண்ட்டைச் சற்று ஏற்றிக் கொடுக்கிறேன், செல் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறது. ஒலிபெருக்கியில் டப், டப், டப், மண்சட்டியில் நெல் பொரிகிற மாதிரி. ஆனால் கூடவே ஒரு உறுமல், விடாத உறுமல், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் குரல் அது. எவ்வளவுதான் செம்பு வலைக் கூண்டுக்குள் உட்கார்த்தி வைத்தாலும் எங்கிருந்தாவது நுழைந்துவிடும். ஃபௌசியா ஒயர்களைத் தொட்டுப் பார்க்கிறாள், விளக்கை அணைக்கிறாள், யாரோ எப்போதோ ஒட்டிய சாக்லேட் காகிதத்தை விரலால் அழுத்துகிறாள். அந்தக் காகிதம் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது, எடுத்தால் இரைச்சல் கூடும் என்பது நம்பிக்கை, எனவே யாரும் எடுத்ததில்லை, முனியப்பன் கோவில் வேல்போல அது அங்கேயே நிற்கிறது. "எர்த் எங்கயோ விட்டிருக்கு மேம்" என்கிறாள். நான் இடது கையால் கூண்டின் கம்பியைப் பிடிக்கிறேன், உறுமல் உடனே அடங்குகிறது. விடுகிறேன், உறுமுகிறது. அதாவது அந்த இரைச்சல் நான்தான். என் உடம்புதான் சுவரில் ஓடுகிற மின்சாரத்தை எல்லாம் வாங்கித் தங்கச்சியின் செல்லுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது. கூண்டைப் பிடித்தால் பட்டன்களுக்குக் கை எட்டவில்லை, பட்டன்களைத் தொட்டால் கூண்டு எட்டவில்லை. ஏதாவது ஒரு இரும்புத் துண்டு வேண்டும், ஒரு விரல் நீளத்துக்கு. கோட்டுப் பைக்குள் கை தானாகப் போனது. சாவியை உள்ளங்கையில் பிடித்து அதன் பல்லைக் கம்பியில் வைத்தேன். உறுமல் அடங்கியது. டப், டப், டப். சுத்தமாக. ஸ்பூன் இருந்தாலும் இதே வேலையைச் செய்யும். கத்தரிக்கோல் இருந்தாலும் செய்யும். எந்த உலோகமும் செய்யும்.

எந்தப் பூட்டின் சாவி என்று அம்மாவுக்கே தெரியாது. ஒரு ட்ரங்க் பெட்டிக்கு உரியது என்பாள், அந்தப் பெட்டியை நாங்கள் பார்த்ததே இல்லை. தேனுக்கு முதல்முதலாக வலிப்பு வந்தது ஸ்கூல் பிரேயரில், கொடிக்கம்பத்துக்குக் கீழே. அப்பா கறுப்புச் சட்டைக்காரர், பிள்ளைகளுக்குச் சாமி பேர் வைக்க மாட்டேன் என்று பொற்கொடி, தேன்மொழி என்று வைத்தவர். கோடாங்கி, மந்திரிப்பு எதுவும் வாசல்படி ஏறக் கூடாது, மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கித் தந்தார். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாள், ஆனால் இடுப்பில் அந்தச் சாவி. வலிப்பு வந்ததும் தேனின் விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் சாவியைத் திணித்து மேலே தன் கையை வைத்து மூடிக்கொள்வாள். நான் விடுமுறையில் வந்த அறிவாளி, எம்எஸ்ஸி, கூரான நாக்கு. இரும்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா, அது தானா வரும் தானா நிக்கும், நீ கொடுத்தாலும் நிக்கும் கொடுக்காட்டியும் நிக்கும் என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டு அரிசி களைந்தாள். "நிக்காட்டிப் போகுது. கைல எதாச்சும் இருக்கட்டுமே" என்றாள். அம்மா போனபிறகு தேன் அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இப்போது பார், என் உள்ளங்கையில். இரும்பு வாசம்கூட அடிக்கிறது. அவளுக்கு வருவதற்கு முன்னால் தீக்குச்சி கிழித்த வாசம் அடிக்குமாம், தீப்பெட்டி செய்கிற எங்கள் சிவகாசியில் அதில் என்ன அதிசயம் என்று முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் "இது ஏற்கெனவே நடந்துச்சுக்கா" என்பாள், கண் எங்கோ போயிருக்கும். இது ஏற்கெனவே நடந்தது. இப்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, இந்த நாற்காலி, இந்தச் சாவி, பின்னால் ஒரு பெண் மூச்சு விடுவது, எல்லாம். எனக்கும் இருக்கிறதா, அது? களைப்பு. ஒன்றுமில்லை, காலையிலிருந்து சாப்பிடவில்லை. தீக்குச்சி வாசம் அடிக்கவில்லையே, இரும்பு வாசம்தானே. அடிக்கிறதா?

டப், டப், டப். நான் எதற்குக் கலங்குகிறேன் என்றால் இந்தச் செல் நன்றாக இருக்கிறது. அதுதான் விஷயம். கொடுத்த கரண்ட்டுக்குத் தக்கபடி அடிக்கிறது, நிறுத்தினால் நிறுத்துகிறது, கதவுகள் வேளைக்குத் திறந்து வேளைக்குச் சாத்துகின்றன. வெறிபிடித்த மாதிரி அடித்துத் தள்ளியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன், பாருடி, இதுதான் உன்னைப் படுத்தியது, எடுத்தாயிற்று என்று. இது சமர்த்துப் பிள்ளை. சமர்த்துப் பிள்ளையை எதற்கு வெட்டி எடுத்தோம்? ஒரு செல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இதை நான் வகுப்பில் சொல்லாத வருஷம் இல்லை. நோய் ஒரு செல்லில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது, கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்துக் கேட்டால் எல்லாரும் நல்லவர்கள்தான். தெரியும். தெரிந்து என்ன? இது என்னவாக இருந்தது அவளுக்குள்ளே? ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரில் இதற்கும் ஒரு பங்கு இருந்ததா, கொடிக்கம்பத்தில், அம்மாவின் குரலில்? அப்படியெல்லாம் ஒரு செல்லில் ஒரு பெயர் இருக்காது என்று நான்தான் சொல்வேன், வேறு எங்கே இருக்கும் என்று கேட்டால் முழிப்பேன். வாழ்நாள் முழுக்கக் கதவைப் படித்தவளிடம் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எப்படி? அதோடு நான் கேட்கக் கேட்க இது குறைந்துகொண்டே வருகிறது. குழாய் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து என் குழாய்க்குள் ஏறுகிறது, என் உப்புநீர் அதற்குள் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் இதற்குள் அவளுடையது ஒன்றும் இருக்காது. எங்கள் வேலையே இப்படித்தான், இதுநாள் வரை அது உறுத்தியதில்லை.

செஞ்சிரலாம் என்று சொன்னது நான். சர்ஜன் படங்களை எல்லாம் வெளிச்சத்தில் மாட்டி, இங்கிருந்து கிளம்புகிறது, இதற்கு மிகப் பக்கத்தில் பேச்சு, ஒரு நூல் அகலம்தான் என்று காட்டிவிட்டு, "மேடம் இதே துறை, நீங்களே சொல்லுங்க" என்றார். முத்துமாணிக்கம் என்னைப் பார்த்தார். தேன் என்னைப் பார்த்தாள். நான் இதே துறை இல்லை, நான் ஒரு கதவு, ஒரே கதவு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் இடுப்பில் ஒரு பிள்ளையோடு அவள் விழுந்திருந்தாள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கு நெற்றியில் தையல், இனி பிள்ளைகளைத் தூக்க வேண்டாம் டீச்சர் என்று தாய்மார்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அன்று அவள் போனில் அழுததை நான் கேட்டிருந்தேன். செஞ்சிரலாம் என்றேன். வெளியே வந்ததும், "பேரெல்லாம் போயிருமாக்கா?" என்று கேட்டாள். போகாது என்றேன். "எல்லாம் போகாதா, கொஞ்சம் போகாதா?" சதவீதம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சதவீதத்துக்கு யாரும் தலையாட்டத்தான் முடியும். அப்புறம் ஒரு பெண் அட்டைகளை வைத்துக்கொண்டு அவளைச் சோதித்தாள், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை வைப்பார்களாம். குடை, சீப்பு, ஒட்டகம், சாவி. பெயர் சொல்ல வேண்டும், பெயர் மட்டும்தான். குடைக்கு அவள் "மழைக்கு" என்றாள், அந்தப் பெண் "எதுக்குன்னு கேக்கலம்மா, என்னன்னு சொல்லுங்க, இல்லன்னா மார்க் கிடையாது" என்றாள். தேன் சாவி அட்டையைப் பார்த்து, "இது எங்கக்காவுக்குப் பிடிக்காது" என்று என் பக்கம் கண்ணடித்தாள். பிறகு சமர்த்தாகச் சாவி என்றாள். பெரும்பாலும் எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டகத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்குக் கையெல்லாம் வேர்த்தது. இப்போதும் வேர்க்கிறது, சாவி வழுக்குகிறது, பிடியை மாற்றினால் உறுமும், மாற்றாமல் இருக்கிறேன்.

"மேம், கொஞ்சம் ட்ரிஃப்ட் ஆகுது" என்கிறாள் ஃபௌசியா. ஆமாம், கோடு மெல்ல மேலேறுகிறது, கதவுகள் சோர்கின்றன. டப். டப். இடைவெளி கூடுகிறது. விட்டுவிடவா? குழாயை மெதுவாக இழுத்தால் சிலசமயம் செல் தன்னைத் தானே மூடிக்கொள்ளும், பிழைத்துக்கொள்ளும். பிழைத்து? சாயங்காலம் எப்படியும் தொட்டியைக் காலி செய்வார்கள். பிழைத்து எங்கே போகும்? தலைக்குள் திருப்பி வைக்க முடியுமா? என்ன யோசனை இது? ஒலிபெருக்கி கரகரவென்று பொரிந்தது. நெல் இல்லை, வேறு. வலிப்பு, இந்தச் செல்லுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஒரு நொடி, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன். பிறகுதான் என் கோட்டின் மறுபையில் போன் அதிர்ந்தது. போனை வெளியறையில் வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான், அது அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் செல்லுக்குக் கேட்டுவிடும். ஃபௌசியா என் பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்து, என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"மதினி." முத்துமாணிக்கத்தின் குரல்.

"சொல்லுங்க தம்பி."

"முழிச்சிட்டா மதினி. கையைப் புடிச்சா, நல்லா இறுக்கமாப் புடிச்சா. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா."

"பேசினாளா?"

"அதான் எனக்கு ஒண்ணும் விளங்கல. டாக்டர் உன் பேர் என்னம்மான்னாரு, சும்மா பாத்தா. பேனாவைக் காட்டுனாரு, சும்மாதான். வாட்சைக் காட்டுனாரு, அதுக்கும் அப்படியே. இப்பத்தான முழிச்சிருக்கா, போகப்போக வரும்னாரு. போகும்போது அவரு பைக் சாவியை எடுத்து ஆட்டி, இது என்னன்னு சொல்லு பாப்போம்னாரு."

"சாவின்னு சொன்னாளா?"

"சாவின்னு சொல்லல மதினி." மூக்கை உறிஞ்சினார். "'அது அக்காகிட்ட இருக்கு'ன்னா. டாக்டர் திருப்பிக் கேட்டாரு. திருப்பியும் அதேதான், அக்காகிட்ட இருக்குன்னு. அவரு என்னமோ குறிச்சிக்கிட்டுப் போயிட்டாரு, தப்பாச் சொல்றான்னு நெனச்சிட்டாரு போல. எனக்குப் பயமா இருக்கு. எதைச் சொல்றா? உங்ககிட்ட என்ன இருக்கு?"

அட்டைக்காரப் பெண்ணின் கணக்கில் இதற்கு மார்க் கிடையாது. எதுக்குன்னு கேக்கலம்மா, யாருகிட்டன்னு கேக்கலம்மா, என்னன்னு சொல்லுங்க. சாவி என்ற சொல் அவளிடம் இருக்கிறதா, என் பரவாயில்லாத செல்லோடு இந்தப் பக்கம் வந்துவிட்டதா, நாளைக்குத் திரும்புமா, எனக்குத் தெரியாது, எனக்கு ஒரு கதவுதான் தெரியும். கண்ணில் நீர் வந்து திரை கலங்கியது. அழுகையா சிரிப்பா என்று ஃபௌசியாவுக்குப் புரியவில்லை, எனக்கும்தான். "வரேன் தம்பி, இப்ப வரேன், அவகிட்ட சொல்லுங்க, கொண்டுவரேன்னு" என்றேன். டப், என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். "மேம், செல் இன்னும் இருக்கு" என்றாள் ஃபௌசியா. பிறகு, இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாததைச் சொன்னாள்: "நல்ல செல் மேம்."

"ஆமா" என்றேன். "நல்ல செல்."

கூண்டிலிருந்து சாவியை எடுத்தேன். உறுமல் எழுந்து அறை முழுக்க நிறைந்தது, அதற்குக் கீழே செல் அடிக்கிறதா நின்றுவிட்டதா என்று கேட்கவில்லை. நான் கேட்கவும் நிற்கவில்லை. சாலையைக் கடக்க வேண்டும். சாவியைக் கோட்டுப் பையில் போடாமல் கையிலேயே மூடிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன், தொலைத்துவிடக் கூடாது, திருப்பிக் கேட்டிருக்கிறாள்.